மோட்டார் எங்க போச்சு?

கேள்விச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து சௌந்தர்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. பயமா என்று கேட்டால், பயமெல்லாம் இல்லை. கோபம். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் குடித்தால்கூட வழிவிடாத கோபம்.

போன வாரம் வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடிந்ததும், வீட்டுக்குப் போகிற மில் பஸ்ஸை விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினாளே, அன்றைக்குப் பிடித்த கோபம் அது. கேபிள் டிவி ஆபீசில் 'கேளுங்க வாக்காளரே' நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். தொகுதியின் மூன்று வேட்பாளர்களும் மேடையில் உட்காருவார்கள், வாக்காளர்கள் கேட்பார்கள், நேரலை. ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி. முப்பது செகண்ட். கேள்வியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

அவள் எழுதியது ஒரே வரி. "செங்குளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதையில வச்ச மோட்டார் எங்க போச்சு?"

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்ன கிடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

செங்குளத்துப்பட்டிக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் தண்டவாளத்துக்கு அடியில் போகிற அந்தப் பாதை ஒன்றுதான். ஒரு மழை பெய்தால் போதும், குளமாகிவிடும். ஆறு வருஷமாக மனுக் கொடுத்து மனுக் கொடுத்து, போன ஆடி மாதம் எம்எல்ஏ ஆண்டிச்சாமி வந்தார். மோட்டார் வைத்தார். ரிப்பன் வெட்டி, சுவிட்சைப் போட்டு, குழாயில் தண்ணீர் கொட்டுவதைக் கைதட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் சுவிட்ச் பெட்டி இருக்கிறது, மோட்டாரைக் காணோம். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

ஐப்பசியில் அடைமழை. சௌந்தர்யாவுக்கு இடுப்புவலி எடுத்த மத்தியானம் பாதையில் இடுப்பளவுத் தண்ணீர். துணிந்து இறங்கிய ஆட்டோ நடுவில் நின்றுபோனது. மாமியார் பேச்சியம்மாளும் ஆட்டோக்காரரும் தள்ளினார்கள். ஒரு மணி நேரம். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

புருஷன் பாண்டி அன்றைக்கு ஊரில் இல்லை. கட்சி மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். ஆண்டிச்சாமியின் கட்சிக்கு அவன்தான் கிளைச் செயலாளர்.

இதெல்லாம் நடந்து அஞ்சு மாசம் ஆகிறது. இன்றைக்கு நிகழ்ச்சி. சாயங்காலம் நாலு மணிக்கு.

காலை எட்டு மணி இருக்கும். வாசலில் பைக் வந்து நின்றது. கருப்பணன். ஆண்டிச்சாமிக்கு வலதுகை, இடதுகை, சில சமயம் வாயும் அவர்தான். வெள்ளை வேட்டி கசங்காமல் இறங்கி, "என்னம்மா பேச்சியம்மா, காப்பி கெடைக்குமா?" என்று சொந்தக்காரர் மாதிரி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பால் திரிஞ்சு போச்சு" என்றாள் பேச்சியம்மாள். அடுப்பில் பால் நன்றாகத்தான் பொங்கிக்கொண்டிருந்தது.

கருப்பணன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஜெராக்ஸ். சௌந்தர்யா எட்டிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து.

"இது எப்படிண்ணே உங்க கைக்கு வந்துச்சு?"

"எல்லா வேட்பாளருக்கும் ஒரு காப்பி குடுக்கறதுதாம்மா. அவங்களும் பதில் தயார் பண்ணணும்ல?"

"எனக்கு அவங்க பதில்ல ஒரு காப்பி குடுக்கச் சொல்லுங்க அப்ப."

"பாத்தியா, கோவப்படுற." கருப்பணன் குரலில் சர்க்கரையைக் கூட்டினார். "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்த டிவி பேச்சே எனக்குப் பிடிக்கல. நாலு பேரு முன்னாடி உக்கார வச்சு, போற வாற ஆளெல்லாம் நிக்க வச்சுக் கேள்வி கேக்கறதுக்கு அவரு என்ன திருடனா? ஓட்டுக் கேட்டு வீடு வீடா வாராரு. கும்பிடுறாரு. குறை இருந்தா அங்க சொல்ல வேண்டியதுதான?"

"அங்க எங்கண்ணே சொல்றது? வேன் நம்ம தெருவுல நின்னது ரெண்டு நிமிசம். மைக்கு அவர் கையில. மேளம் வேற. நான் வாயத் தொறந்தாக்கூட எனக்கே கேட்டிருக்காது."

கருப்பணன் இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினார். அழகாக டைப் அடித்திருந்தது. 'பெண்களின் முன்னேற்றத்துக்கு என்னென்ன திட்டங்கள் வைத்திருக்கிறீர்கள்?'

"இதக் கேளு. பேரும் ஊரும் உன்னுது. டிவிலயும் நல்லா வருவ. எல்லாருக்கும் மரியாதை."

சௌந்தர்யா அதை இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"நீங்களே கேளுங்கண்ணே. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

கருப்பணன் முகம் அப்போதுதான் மாறியது. எழுந்து, குளித்துவிட்டுத் துண்டோடு வந்த பாண்டியைப் பார்த்து, "தம்பி, வீட்ட நீ பாத்துக்குவேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். பைக் போய்விட்டது.

பாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துவட்டத் தோன்றவில்லை.

"சௌந்தர்யா, சொன்னாக் கேளு. வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"கட்சில எனக்கு..."

"கட்சியா? பிள்ள போச்சுங்க நமக்கு!"

"தெரியும்." அவன் பக்கத்தில் வந்தான். குரல் தாழ்ந்தது. "நீ கேளு. வேணாங்கல. ரோட்டக் கேளு, பஸ்ஸக் கேளு. பாப்பாவப் பத்திக்கூடக் கேளு. அந்த மோட்டார மட்டும் விட்ரு."

சௌந்தர்யா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பாப்பாவைப் பற்றிக்கூடக் கேட்கலாமாம், மோட்டாரைப் பற்றிக் கேட்கக் கூடாதாம். இது என்ன கணக்கு? ஆண்டிச்சாமி மேல் இவனுக்கு அம்புட்டு விசுவாசமா? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"கேக்கத்தான் போறேன்" என்றாள்.

"கேட்டா அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பாண்டி வெளியே போனான். வாசலில் நின்ற அவனுடைய குட்டியானை லோடு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிற்று. ஆண்டிச்சாமிக்குக் கைதட்ட இன்றைக்கு ஊரிலிருந்து ஆள் ஏற்றிப் போகிற வேலை அவனுக்கு.

பேச்சியம்மாள் அடுப்படியில் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே புலம்ப ஆரம்பித்தாள். "ஊரெல்லாம் பாக்குற டிவில போயி நம்ம வீட்டு வயித்தெரிச்சலக் கொட்டணுமா? நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். ஒம் புருசனுக்குத் தலகுனிவு. எனக்கு ஒண்ணும் புடிக்கல தாயி."

சௌந்தர்யா கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலையை எடுத்து உதறினாள்.

நறுக்குகிற சத்தம் நின்றது.

"அந்தத் தண்ணிக்குள்ள நான் ஆட்டோவத் தள்ளுனேன்ல" என்றாள் பேச்சியம்மாள், கத்தரிக்காயைப் பார்த்தபடியே. "சேத்துல காலு வழுக்குது. நீ உள்ள கத்துற. மேல ரயிலு போகுது தடதடன்னு. நான் சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன் தாயி, ஒண்ணு விடல. அன்னைக்கு அந்த மோட்டாரு ஓடியிருந்தா எம் பேத்திக்கு இப்ப அஞ்சு மாசம்." அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "மத்தியானச் சோத்துக்கு வெஞ்சனம் இது போதும். எத்தன மணிக்குப் பஸ்ஸு? நானும் வாரேன்."

பஸ்ஸிலும் பேச்சு அதுதான். முன்சீட்டில் இருந்த ஒருவர் கண்டக்டரிடம் கத்திக்கொண்டு வந்தார். "என்ன பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியா நடத்துறாய்ங்க? நல்லாப் பேசுறவனுக்கு ஓட்டுப் போட்டா, வேல செய்யிறவன் எங்க போவான்?"

"வேல செய்யிறவன்னா, செஞ்சதச் சொல்றதுக்கு என்னய்யா கேடு?" என்றது பின்சீட்டு. நிலக்கோட்டை மல்லிகைப் பூவை மூட்டையாக மடியில் வைத்திருந்த அம்மாள். "நான் ஒரு கிலோ பூவுக்கு நிறுவையில நூறு கிராம் கொறைச்சா, வாங்குறவ சும்மா விடுவாளா? நாக்கப் புடுங்கற மாதிரிக் கேக்குறாள்ல? அஞ்சு வருசத்துக்கு வாங்கிட்டுப் போறான், அவனக் கேக்கக் கூடாதா?"

பஸ்ஸே சிரித்தது. சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வழியாகத் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரிந்தபோதே எழுந்து படியருகே போய் நின்றாள்.

நிகழ்ச்சி ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் எவருக்கோ நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் வளைவைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. அதன் கீழே மாப்பிள்ளை பெண் உட்கார்ந்த சோபாக்களில் மூன்று வேட்பாளர்கள். நடுவில் ஆண்டிச்சாமி. முன்வரிசை அஞ்சிலும் அவருடைய கட்சிக்காரர்கள். கேள்வி கேட்கிறவர்களைப் பந்தி பரிமாறுகிற கூடத்துப் பக்கம் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஆரம்பித்தது. முதலில் கேட்டவர், "ஐயா, அயராத உழைப்பின் ரகசியம் என்ன?" என்று ஆண்டிச்சாமியைக் கேட்டார். ஆண்டிச்சாமி ரகசியத்தைச் சொன்னார். அடுத்தவர், "உங்களுக்குப் பிடித்த சாப்பாடு?" என்றார். பிரியாணி என்று மூன்று பேரும் ஒற்றுமையாகச் சொன்னார்கள். கைதட்டல். ஒரு தோல் பதனிடும் பட்டறைத் தொழிலாளி எழுந்து நிஜமான கேள்வி ஒன்று கேட்டார். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. முப்பது செகண்ட் மணி அடித்தது.

சௌந்தர்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுக்குத்தானா ஒரு வாரமாச் சோறு தண்ணியில்லாமக் கிடந்தேன்?

"அடுத்து, செங்குளத்துப்பட்டி சௌந்தர்யா!" என்றது நிகழ்ச்சி நடத்துகிற பெண்.

எழுந்தாள். நீள ஒயர் வைத்த மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"எம்எல்ஏ ஐயாவுக்குத்தான் கேள்வி. போன ஆடி மாசம் எங்க ஊரு சுரங்கப்பாதையில மோட்டார் வச்சீங்க. ரெண்டே நாள்ல காணோம். ஐப்பசி மழையில அந்தத் தண்ணியில நான் போன ஆட்டோ நின்னுச்சு. என் பிள்ள செத்துப் பொறந்துச்சு. அந்த மோட்டார் எங்க போச்சு?"

மண்டபத்தில் இருந்த சலசலப்பு நின்றது. ஆண்டிச்சாமி மட்டும் பதறவில்லை. பதறுவாரா? காகிதம் ரெண்டு நாளுக்கு முன்பே கையில் இருக்கிறதே. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"உங்க இழப்பு பெரிய இழப்பும்மா. நானும் பிள்ளகுட்டிக்காரன். ஆனா ஒண்ணு." பையிலிருந்து செல்போனை எடுத்துத் திரையைக் கேமராவுக்குக் காட்டினார். "இது யாருன்னு பாருங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்கு மொத ஆளா ஆரத்தி எடுத்த தங்கச்சி. முகத்துல எவ்வளவு சிரிப்பு! அன்னைக்கு இல்லாத கோவம் இன்னைக்கு எங்கிருந்தும்மா வந்துச்சு? யாரு சொல்லிக் குடுத்து அனுப்புனா?"

முன்வரிசை அஞ்சும் எழுந்து கைதட்டியது. விசில் வேறு.

சௌந்தர்யாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. படத்தில் இருப்பது அவள்தான். பச்சைச் சுங்குடிச் சேலை, கையில் தட்டு, வாய் நிறையச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்று இவருக்குத் தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று அஞ்சு மாசமாக அவளை ஒரு வளைகாப்புக்கும் ஒருத்தியும் கூப்பிடவில்லை. சடங்கு வீட்டில் குங்குமச் சிமிழ் அவளைத் தாண்டிப் போனது. அன்றைக்குக் கருப்பணன் வந்து, "மொத ஆளா சௌந்தர்யாவே நிக்கட்டும்" என்றபோது, தெருவே பார்க்கத் தானும் ஒரு மங்கல காரியத்துக்கு ஆனோமே என்று அவள் சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள். கிறுக்கி! அது மரியாதை இல்லை, இந்தப் படத்துக்காக நிறுத்தியது என்று இப்போதல்லவா புரிகிறது.

அவமானம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்த இடத்தில் கோபம் வந்து நிமிர்ந்து நின்றது.

"ஆமா, நான்தான். ஆரத்தி எடுத்தேன். எதிராளியே வாசலுக்கு வந்தாலும் வாங்கன்னு சொல்ற ஊரு எங்க ஊரு. அதுக்காக வாய அடகு வச்சேன்னு நெனச்சுட்டீங்களா? நான் படத்தக் கேக்கல. மோட்டாரக் கேட்டேன். எங்க போச்சு?"

"உங்களுக்கான முப்பது செகண்ட் முடிஞ்சிருச்சு, நன்றி..." என்று அந்தப் பெண் குறுக்கே வந்தாள்.

"எனக்குத்தான் முடிஞ்சுச்சு. அவரு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!"

பின்வரிசையில் எவரோ கைதட்டினார். அது பரவியது. பக்கத்துச் சோபா வேட்பாளர், கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா, "பதில் சொல்லிடுங்கண்ணே" என்று சிரித்தார்.

ஆண்டிச்சாமி தொண்டையைக் கனைத்தார். "சொல்றேன். ஊர் மானம் போகக் கூடாதுன்னுதான் இத்தன நாளாச் சொல்லாம இருந்தேன். நீங்களே சொல்ல வைக்கிறீங்க. மோட்டார் திருடு போச்சு. அந்த ஊர்க்காரங்களே கழட்டிட்டுப் போயிட்டாங்க. நான் வைக்கத்தான் முடியும். காவலுக்குமா நான் படுக்க முடியும்?"

"அடப் பாவி!" பின்னால் இருந்து பேச்சியம்மாளின் குரல் மண்டபத்துக்கே கேட்டது. "எங்க ஊர்க்காரனத் திருடன்ங்கிறியா? நாக்கு அழுகிப் போயிரும்யா உனக்கு!"

இரண்டு பேர் அவளை உட்காரச் சொல்லி ஓடினார்கள். சௌந்தர்யா மாமியார் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் கண்ணில், பக்கவாட்டுக் கதவோரம் கட்சித் துண்டோடு நின்றிருந்த பாண்டி பட்டான்.

ஊரையே திருடன் என்கிறார். கிளைச் செயலாளர், அந்த ஊர்க்காரன், ரோஷக்காரன். டீக்கடையில் எவனாவது ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவன். அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

பாப்பாவப் பத்திக்கூடக் கேளு. அந்த மோட்டார மட்டும் விட்ரு.

சௌந்தர்யா கணக்குப் போட்டாள். அவ்வளவு பெரிய மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டா போயிருப்பார்கள்? வண்டி வேண்டும். ஊரில் லோடு வண்டி எத்தனை இருக்கிறது? ஒன்று.

நடந்தாள். மைக்கை அவள் கீழே வைக்கவில்லை. ஒயர் தரையில் இழுபட்டது. பிடிக்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டாள். கேமராக்காரர் என்ன நினைத்தாரோ, அவள் பின்னாலேயே திரும்பினார்.

"என்னங்க, இங்க பாருங்க." பாண்டிக்கு ரெண்டடி தூரத்தில் நின்றாள். "ஐயா சொல்றத விடுங்க. நீங்க சொல்லுங்க. மோட்டார் எங்க போச்சு?"

"சௌந்தர்யா, வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"நானும் ஓட்டுப் போடுறவ. நீங்களும் ஓட்டுப் போடுறவரு. சும்மா சொல்லுங்க. யாரு எடுத்தா?"

மைக்கை அவன் வாயருகே நீட்டினாள். அவன் உதடு அசைந்தது. கருப்பணன் முன்வரிசையிலிருந்து எழுந்து, "டேய் பாண்டி, வெளிய வா" என்று கத்தினார். அந்த 'டேய்'தான் அவனுக்கு எங்கோ போய்த் தைத்திருக்க வேண்டும்.

"நான்தான்" என்றான் பாண்டி.

மண்டபம் முழுக்க அது ஒலிபெருக்கியில் கேட்டது.

"நான்தான் ஏத்திட்டுப் போனேன். அது வாடகை மோட்டாரு. திறப்பு விழாவுக்கு மட்டும் எடுத்தது. நான்தான் வண்டியில கொண்டாந்தேன், மறுநா நான்தான் கொண்டுபோயிக் கடையில எறக்குனேன். பில்லு பாஸானதும் புதுசு வச்சிருவோம்னு சொன்னாங்க. நம்பிட்டேன். மழைக்கு முன்னாடி வச்சிருவாங்கன்னு நம்பிட்டேன் சௌந்தர்யா."

அவள் நின்றாள். சுற்றிலும் இரைச்சல். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஐப்பசி மாசத்துத் தண்ணீர் மறுபடியும் இடுப்பு வரை ஏறி நின்றது போல இருந்தது. மேடையில் இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு வராத பதில், கேட்ட மாத்திரத்தில் சொந்தப் புருஷன் வாயிலிருந்து வந்துவிட்டது. நேர்மையான பதில். அதை வாங்கி எங்கே வைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஆண்டிச்சாமி மட்டும் நிதானமாக இருந்தார். எழுந்து நின்று கையைத் தூக்கினார். "எல்லாரும் கேட்டீங்கள்ல? மோட்டார எடுத்தது யாருன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. எங்க கட்சிக்காரனா இருந்தாலும் நான் விட மாட்டேன். சட்டம் தன் கடமையைச் செய்யும்!"

"ஒரு சிறிய இடைவேளை" என்றது நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணின் குரல். மூச்சு வாங்கியது அதற்கு.

பாண்டி வெளியே வந்தான், பின்னாலேயே சௌந்தர்யா. மண்டபத்து வாசலில் பந்தோபஸ்துக்கு நின்ற எஸ்.ஐ. பாண்டியின் தோளில் கை வைத்தார். கருப்பணன் பக்கத்தில் நின்று எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "புகார் தராங்கப்பா. ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போயிரு" என்றார் எஸ்.ஐ.

பேச்சியம்மாள் வந்தாள். மகன் முன்னால் நின்றாள். கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாண்டி சௌந்தர்யாவைப் பார்த்தான். கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கருப்பணன் பார்ப்பதற்குள் அவள் கையில் திணித்தான்.

"வாட்சாப்ல இருக்கு. ஆடி மாசம் கருப்பணன் அண்ணன் பேசி அனுப்புனது. 'தலைவர் சொல்லிட்டாரு, மோட்டாரக் கழட்டிக் கடையில எறக்கிரு, யாருகிட்டயும் சொல்லாத'ன்னு அவர் குரலே இருக்கு. நான் அழிக்கல."

"அழிக்கல?"

"அழிக்க முடியல. பாப்பா போனதுக்கப்புறம் தெனமும் வண்டியில உக்காந்து அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

சௌந்தர்யாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்த அழுகையையும் கோபம் பிடித்து நிறுத்தியது. அஞ்சு மாசம். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சோறு போட்டுக் கொடுத்து, 'யாரு செஞ்ச பாவமோ'ன்னு இவன் தோளிலேயே சாய்ந்து அழுதாளே, அப்போதெல்லாம் இவன் பையில் இது இருந்திருக்கிறது.

உள்ளே மணி அடித்தது. இடைவேளை முடிகிறது. கதவைச் சாத்தப் போனார்கள்.

அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"சௌந்தர்யா!" பாண்டியின் குரல் உடைந்திருந்தது. "என்னக் காப்பாத்தத்தான போற?"

திரும்பினாள். கல்யாணமான நாலு வருஷத்தில் இதுவரை அவனை ஒருமையில் பேசியதில்லை.

"உனக்காகப் போகல. என் பிள்ளைக்காகப் போறேன். உன்கிட்டயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு பாண்டி. அத டிவில கேக்க மாட்டேன். ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வா, அங்க கேக்குறேன். அங்க முப்பது செகண்ட் கிடையாது, ஆயுசு பூரா உக்காந்து பதில் சொல்லு."

சாத்திக்கொண்டிருந்த கதவின் நடுவில் காலை வைத்துத் தடுத்து, உள்ளே போனாள்.